படம் யாரிடம் இருக்கிறது?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள், புதிதாகக் கேமரா வாங்கிய தம்பிகள், யூடியூப் சேனல் நடத்தும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, ரெண்டு திருநங்கைங்க நம்பர் கிடைக்குமா? ஒரு போட்டோ சீரிஸ் பண்றோம்."

அப்படி ஒருமுறை வந்த மாணவர்களுக்கு ஒரு தெளிவான யோசனை இருந்தது. மாஞ்சோலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த ஒரு திருநங்கையைப் பற்றி எங்கள் மூலம் கேள்விப்பட்டிருந்தார்கள். அவரை மலைக்கு அழைத்துப்போக வேண்டும். பனி மூடிய தேயிலைச் சரிவு, நடுவில் சிவப்புச் சேலையில் அவர். "விஷுவலா செமையா இருக்கும்க்கா" என்றார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அம்பேத்கரைப் படிப்பவர்கள், போராட்டங்களுக்கு வருகிறவர்கள். நாங்களும் தயங்காமல் அவரிடம் போய்ச் சொன்னோம்.

அவர் சிரித்தார். "நான் அங்க நின்னா அழகா இருக்குமாம்லா. நான் அங்க இருந்தப்ப யாருக்கும் அப்படித் தோணலியேக்கா" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "நீங்க மேல போறப்ப எங்க வீட்ட மட்டும் ஒரு வீடியோ எடுத்துட்டு வாறியளா?" என்று கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றியது.

மாஞ்சோலையை இன்ஸ்டாகிராமில் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு இந்த மலையை வாங்கியது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் உருவாயின. கொழுந்து பறிக்க மலையேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். நான்கு தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலம் அவர்கள் பேரில் கிடையாது. குடியிருந்த லைன் வீடும் கம்பெனியுடையது. குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும், 2024-இலேயே கம்பெனி தோட்டத்தை மூடியது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் கையெழுத்து வாங்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும் என்கிற இடத்தில் "விருப்பம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பார் இல்லை.

அவருடைய அண்ணன் குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. அவர் பதினாறு வயதில் அந்த வீட்டைவிட்டு வெளியேறியவர். குடும்ப அட்டையில் அவர் பெயர் இப்போது இல்லை. கீழே சமவெளியில் வீடு, நிவாரணம், மறுவாழ்வு என்று எந்தக் கணக்குப் போட்டாலும் அது குடும்ப அட்டையை வைத்துத்தான் போடப்படும். அந்தக் கணக்கில் அவர் எங்குமே இல்லை. வீட்டைக் காலி செய்வதைப் பார்க்க வரலாமா என்று கேட்டதற்கு, "இப்ப வேண்டாம், ஆளுக நிறைய இருக்காவ" என்று பதில் வந்ததாம். அதனால்தான் வீடியோ.

என்னென்ன எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாசல் குழாய். அடுப்படிச் சுவரில் புகை படிந்த இடம். கதவுக்குப் பின்னால் பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் கோடு போட்டிருக்கும் இடம். பிறகு, "உள்ள நுழைஞ்சதும் ஒரு குடும்பப் படம் மாட்டியிருக்கும். அதுல இடது ஓரத்த மடிச்சு உள்ள தள்ளியிருப்பாவ. அந்த மடிப்புக்குள்ளதான் நான் இருக்கேன். அதையும் எடுங்க" என்றார்.

மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டிப் பேருந்து மேலே ஏறும்போது எங்களில் யாரும் பேசவில்லை. அவர் சொன்னபடியே எடுத்தோம். மடிப்பு அப்படியே இருந்தது.

ஒடுக்கப்பட்டவர்களைப் படம் எடுப்பது ஒன்றும் இந்நாட்டில் புதிய வேலை இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர் அவர். அந்தத் தொகுதிகளில் நம் முன்னோர் பலரின் படங்கள் இருக்கின்றன. படத்துக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும். மனிதர் பெயர் இருக்காது. அந்த முகத்துக்கு உரியவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். எடுத்தவருக்கு அது தரவு. எடுக்கப்பட்டவருக்கு ஒன்றுமில்லை.

இப்போது சித்திரை மாதம் கூவாகத்துக்குப் போய்ப் பாருங்கள். கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து, வெள்ளைச் சேலையில் அழும் திருநங்கைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கேமராக்கள். அழுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸ். அந்தப் படங்களில் சில பரிசு வாங்குகின்றன, காலண்டர் ஆகின்றன, பயண இதழ்களில் வருகின்றன. கீழே "ஒரு திருநங்கை" என்று மட்டும் எழுதியிருக்கும். தர்ஸ்டனின் புத்தகத்துக்கும் இதற்கும் நூறாண்டு இடைவெளி, முறை ஒன்றுதான்.

சினிமாவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் 'ஐ' படம் வந்தபோது திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. 2019-இல் 'சூப்பர் டீலக்ஸ்' பாராட்டப்பட்டபோதும், குழந்தைக் கடத்தலை ஒரு திருநங்கைப் பாத்திரத்தின் வாயில் வைத்தது ஏன் என்று திருநர் தோழர்கள் கேட்டார்கள். கேலியாகக் காட்டினாலும் கருணையோடு காட்டினாலும், அந்தக் கதை எப்படிப் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லை.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதற்கு நமக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் டெல்லியில் நடந்தது.

1989-இல் தயானிதா சிங் என்ற இளம் புகைப்படக் கலைஞர், லண்டனிலிருந்து வெளிவரும் 'தி டைம்ஸ்' நாளிதழுக்காக ஹிஜ்ராக்களைப் படம் எடுக்கப் போனார். அங்கே மோனா அகமதுவைச் சந்தித்தார். மோனா நன்றாக ஒத்துழைத்தார், படங்களும் எடுத்தாயிற்று. படம் லண்டன் பத்திரிகைக்கு என்று தெரிந்ததும் மோனா பதறிவிட்டார். லண்டனில் அவருக்கு உறவினர்கள் உண்டு. ஃபிலிம் சுருளைத் திருப்பிக் கேட்டார். தயானிதா கொடுத்துவிட்டார். மோனா அதைக் குப்பையில் போட்டார்.

முதல் பெரிய வாய்ப்பைக் கையில் வைத்திருக்கும் ஓர் இளம் கலைஞருக்கு அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தச் சுருளைக் கொடுத்த இடத்தில்தான் இருவருக்கும் நட்பு தொடங்கியது. மோனா 2017-இல் இறக்கும்வரை அது நீடித்தது. 2001-இல் வந்த 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகத்தில் படங்கள் தயானிதாவுடையவை, சொற்கள் மோனாவுடையவை. தன் வாழ்க்கையைப் பற்றி மோனாவே பேசினார்: வளர்ப்பு மகளைப் பற்றி, அந்தப் பிள்ளையை இழந்த துயரத்தைப் பற்றி, கல்லறைத் தோட்டத்தில் வாழ்ந்ததைப் பற்றி. 2013-இல் அதே மோனாவை வைத்து ஒரு வீடியோவும் வந்தது. அநேகமாக அசைவே இல்லாத ஒரு முகம். நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் நாள் சந்திப்பில் எடுத்துவிடக்கூடிய படம் இல்லை அது.

தென்னாப்பிரிக்காவின் ஜனேலே முஹோலி 2006 முதல் 'ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்' என்ற வரிசையில் கறுப்பின லெஸ்பியன்களையும் திருநரையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துவருகிறார். அவரும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். எடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை; சில ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களைத் தேடித் திரும்பிப் போகிறார், மீண்டும் எடுக்கிறார். நம் நாட்டில், மும்பை ரயில்களில் கைநீட்டிப் பிழைத்த சோயா தாமஸ் லோபோ பழைய கேமரா ஒன்றை வாங்கிச் செய்திப் புகைப்படக்காரர் ஆனார். 2020 ஊரடங்கில் பாந்த்ரா நிலையத்தருகே திரண்ட புலம்பெயர் தொழிலாளர்களை அவர் படம் எடுத்தார். திருநங்கை கையில் கேமரா வந்தால் திருநங்கையை மட்டும்தான் எடுப்பார் என்ற எண்ணத்தையும் அவர் உடைத்தார். தமிழ்நாட்டில் 2008-இல் ரோஸ் வெங்கடேசன் விஜய் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். 2014-இல் கோவையில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். நேராகக் கேமராவைப் பார்த்து, நமக்குத் தகவல் சொல்லும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். அது ஒரு பெரிய இடமாற்றம்.

இதெல்லாம் சரி. ஆனால் நம் தளத்தில் இதை எழுதக் காரணம் வேறு. திருநர் படங்களில் எப்போதும் சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒன்று இருக்கிறது. அது சாதி.

லிவிங் ஸ்மைல் வித்யா 2013-இல் ஒரு நேர்காணலில், திருநர் வெறுப்பைப் பார்ப்பனியத்தின் ஒரு வடிவமாகவே பார்க்க வேண்டும் என்ற வாதத்தை வைத்தார். இன்ன பிறப்புக்கு இன்ன தொழில் என்று தலித்துகளைக் கட்டிப்போட்ட அதே மனநிலைதான், கடை கேட்பதையும் பாலியல் தொழிலையும் தவிர வேறு வேலை திருநங்கைக்குக் கிடையாது என்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிரேஸ் பானு, தன்னைத் தலித் திருநங்கை என்றே அறிவித்துக்கொண்டு போராடுகிறார். பள்ளியில் அனுபவித்த ஒதுக்குதலைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறார். அவர் முன்னெடுக்கும் கிடைமட்ட இடஒதுக்கீட்டுக் கோரிக்கையின் மையமே இதுதான். 2015-இல் தமிழ்நாடு அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. ஒரு தலித் திருநங்கை சாதிச் சான்றை நீட்டினால் பாலினம் கணக்கில் வராது. பாலினத்தைச் சொன்னால் சாதி கணக்கில் வராது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு வா என்கிறது அரசு. கர்நாடகம் 2021-இல் ஒரு சதவீதக் கிடைமட்ட இடஒதுக்கீடு கொடுத்துவிட்டது. இங்கே இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் படங்களும் அரசு செய்வதையே செய்கின்றன. மாஞ்சோலையில் சிவப்புச் சேலையோடு எடுக்கவிருந்த படத்தை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு திருநங்கை இருப்பார், ஒரு மலை இருக்கும். கொழுந்துக் கூடை சுமந்த அவருடைய அம்மா இருக்க மாட்டார். லைன் வீடு இருக்காது. கம்பெனி இருக்காது. அவர் ஏன் அந்த மலையில் பிறந்தார், ஏன் அங்கே இனி அவருக்கு யாரும் இல்லை என்பது இருக்காது. அழகு இருக்கும். கேள்வி இருக்காது.

இந்த மண்ணில் கேமரா கேள்வி கேட்டதும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் பேரணி போன நம் மக்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அதில் பெண்கள் இருவர், ஒரு சின்னஞ்சிறு குழந்தை. ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களையும் விடாமல் அடித்த காட்சிகள் வீடியோவில் பதிவாகியிருந்தன. காஞ்சனை திரைப்பட இயக்கத்தின் ஆர்.ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக்கினார். விசாரணை ஆணையம் காவல்துறையைக் குற்றவாளியாக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சிகளைப் பார்த்த ஒருவரிடம் "தானாகத் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள்" என்று இன்றுவரை யாராலும் சொல்லிவிட முடியாது. நாமெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

ஆக, நமக்குக் கேமராவின் மேல் கோபம் இல்லை. நம் சேரி வீடுகளில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டும் கண்ணாடியும் அணிந்து நேர்கொண்டு பார்க்கும் அந்த முகம் எத்தனை தலைமுறைக்கு முதுகை நிமிர்த்திக்கொடுத்திருக்கிறது! ஒரு முகப்படத்துக்கு அந்த வலிமை உண்டு. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், 19-ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளையர்கள் கறுப்பரைக் கோமாளியாக வரைந்துகொண்டிருந்த காலத்தில், அவர் திரும்பத் திரும்பப் போய்ச் சிரிக்காமல் கேமராவின் முன் உட்கார்ந்தார். தன் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார்.

இதில் நாங்களும் பாடம் கற்க வேண்டியிருக்கிறது. எங்கள் மேடைகளில் எதிரியைத் திட்ட "நீ ஆம்பளையா?" என்று கேட்கும் பேச்சாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைதட்டும் வாங்குகிறார்கள். வளையல் அனுப்பும் போராட்டம் நடத்தியிருக்கிறோம். ஒரு கருத்தரங்கச் சுவரொட்டிக்குக் கேட்காமலே ஒரு திருநங்கைத் தோழரின் படத்தைப் போட்டுவிட்டு, பிறகு அவர் வாடகை வீட்டுக்காரரிடம் பட்ட பாட்டைக் கேட்டுத் தலைகுனிந்திருக்கிறோம். தெரியாமல் செய்தோம் என்று சொல்லலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"அப்போ திருநர் அல்லாதவங்க திருநரை எடுக்கவே கூடாதா?" என்று ஒரு மாணவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிச் சொன்னால் நாளை தலித் அல்லாதவர் நம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது என்றாகிவிடும்; எழுதட்டும், நாம் படித்துவிட்டுச் சண்டை போடுவோம். தயானிதா சிங் ஹிஜ்ரா இல்லை. ஆனால் சுருளைக் கேட்டபோது கொடுத்தார். உங்கள் மெமரி கார்டைக் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா? ஒரு வருடம் கழித்து "அந்தப் படம் இப்போ வேண்டாம், எடுத்துடுங்க" என்றால் எடுப்பீர்களா? பெயர் போட வேண்டும் என்றால் அவர் சொல்லும் பெயரை மட்டும் போடுவீர்களா? பெயர் வேண்டாம் என்றால் அதற்கும் காரணம் கேட்காமல் இருப்பீர்களா? பிரிண்ட் போட்டு அவர் கையில் முதலில் கொடுப்பீர்களா? இதற்கெல்லாம் ஆம் என்றால் தாராளமாக எடுங்கள்.

"முன்னாடி எப்படி இருந்தீங்க, ஒரு பழைய போட்டோ இருக்கா?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதிசயம் காட்டுவதற்கு அவர்கள் பொருட்காட்சியில் நிற்கவில்லை. பழைய பெயரைத் தோண்டி எடுத்து எழுதுவதும் அப்படித்தான்.

அந்த வீடியோவுக்கு வருகிறோம். கீழே வந்து அவரிடம் காட்டினோம். இரண்டுமுறை பார்த்தார். கரிக்கோடுகள் வந்ததும் நிறுத்தச் சொல்லித் தன் கோடு எது என்று காட்டினார். குடும்பப் படம் வந்தபோது எதுவும் பேசவில்லை. தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு, "உங்க போன்ல வேண்டாம், அழிச்சிருங்க" என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தோம். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டோம். வீட்டைப் பற்றி எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார்.

மாணவர்கள் அவரைப் போய்ப் பார்த்தார்கள். இந்தமுறை கேமரா இல்லாமல். உங்களுக்கு எப்படிப் படம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் மலையும் கேட்கவில்லை, பனியும் கேட்கவில்லை. அவரிடம் இருக்கும் படங்களெல்லாம் அடையாளச் சான்றுக்கும் வாரிய அட்டைக்கும் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தான். அரசு கேட்டபோதெல்லாம் எடுத்தவை. நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல பட்டுச் சேலையில், வீட்டில் மாட்டுகிற அளவில் ஒரு படம் வேண்டும் என்றார். எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவதாக ஒரு பிரதியை அம்மாவுக்கு என்று வாங்கிக்கொண்டார். அது இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறது. சுவரில் இல்லை, அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள். மாட்டுவார்களா என்று தெரியாது. ஆனால் மடிக்கப்படாமல் இருக்கிறது என்று அம்மா போனில் சொன்னாராம்.

அடுத்த மார்ச்சில் நீங்களும் எங்களை அழைக்கலாம், தோழர்களே. நம்பர் கேட்பதற்கு முன்னால், எடுக்கப்போகும் படம் கடைசியில் யாரிடம் இருக்கும் என்பதை யோசித்துவிட்டு அழையுங்கள். நாங்கள் அதைத்தான் முதலில் கேட்போம்.